எட்டு நாலு வண்டியின் எதிர் இருக்கை

"மன்னிச்சுக்குங்க மிஸ் டாப்செல், ஒரு விஷயம் சொல்லணும்," என்றார் அந்த மனிதர். "சொல்லாம போனா எனக்கு மனசு ஆறாது."

"சொல்லுங்க."

"முன் அறையில கணப்புக்கு மேல ஒரு படம் இருக்கே. அது உங்க அப்பாதானா?"

"ஆமா. போன வருஷம் பிரைட்டன் கடற்கரையில எடுத்தது."

"அப்படின்னா நான் தப்பான சாவுக்கு வந்துட்டேன்."

ஜூடித் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். சமையலறையில் அவர்கள் இருவர் மட்டும்தான் இருந்தார்கள். அவள் சாண்ட்விச்களின் ஓரம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் குடித்து முடித்த கோப்பையைத் தாமே கழுவி வைப்பதற்காக எடுத்து வந்திருந்தார்.

"எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"சர்ச்சுலயே லேசா உறுத்துச்சு. பாதிரியார், ரோஜா வளக்கிறதுல இவர் கைராசிக்காரர்னு சொன்னாரில்ல, அப்ப. நம்ம ஆளு நகத்துல ஒரு நாள்கூட மண்ணு பாத்ததில்லையேன்னு தோணுச்சு."

"அப்பவே எழுந்து போயிருக்கலாமே?"

"நடுவுலயா?" அவர் முகம் வெளிறியது. "மூணாவது வரிசைல உக்காந்திருந்தேன். எப்படி எழுந்திருக்கிறது? வெளிய வந்ததும் நழுவிடலாம்னு பாத்தேன். உங்கம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, நீங்க அவரோட ரயில் சிநேகிதர்தானேன்னாங்க. ஆமான்னுட்டேன். பொய் இல்ல பாருங்க. நான் ரயில் சிநேகிதன்தான். வேற ஆளுக்கு."

"ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"பன்றி இறைச்சி சாண்ட்விச் ரெண்டு. அதுதான் இன்னும் சங்கடமா இருக்கு."

வேறொரு நாளாக இருந்தால் ஜூடித் சிரித்திருப்பாள். அன்று சிரிப்பு எங்கிருந்து வர வேண்டுமோ அந்த இடம் மரத்துக் கிடந்தது. "நீங்க அழுதீங்க," என்றாள். "நான் பாத்தேன்."

"அழுதேன். ஆனா அது உங்க அப்பாவுக்கு இல்ல. மன்னிக்கணும்."

"பரவால்ல. யாரோ ஒருத்தர் அழுதாங்களே." அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அப்பாவோட ரயில்லேர்ந்து ஒருத்தராவது வந்தாரேன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிட்டிருக்காங்க."

"எனக்குப் பொய் சொல்ல வராது, மிஸ் டாப்செல்."

"சொல்ல வேண்டாம். பேசாம இருந்தாப் போதும்."

"அது எனக்கு நல்லாவே வரும்," என்றார் அவர். கோப்பையைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்.

அவர் பெயர் எட்கர் ஹேலாக். அது 1974ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். லண்டனுக்குத் தெற்கே பதினோரு மைல் தள்ளி இருக்கும் ஆஷ்மியரில் வாழ்ந்த அவருக்கு அப்போது அறுபத்து நாலு வயது.

அடுத்த சனிக்கிழமை காலை அவர் நூலகத்துக்கு வந்தார். ஜூடித் அங்கேதான் வேலை பார்த்தாள் என்பது அவருக்குத் தெரியாது. மேசைக்குப் பின்னால் அவளைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தவர் போல நின்றார். பிறகு, செப்டம்பர் மாதத்து உள்ளூர் வாரப் பத்திரிகைகள் வேண்டும் என்று கேட்டார்.

"மரண அறிவிப்புப் பக்கமா?" என்றாள் ஜூடித்.

"அதேதான்."

வாசிப்பறையில் வேறு யாரும் இல்லை. பத்திரிகைகளை எடுத்து வந்து கொடுத்தபோது அவர் மெதுவான குரலில், தவணை முறையில், விஷயத்தைச் சொன்னார். காலை எட்டு மணி நாலு நிமிடத்துக்கு லண்டன் கிளம்பும் எட்டு நாலு வண்டியில், முன்னாலிருந்து இரண்டாவது பெட்டியின் மூன்றாவது அறையில், ஜன்னலோரமாக ஒருவர் உட்காருவார். எதிர்வரிசையில், அவரைப் பார்த்தபடி நடு இருக்கையில் ஹேலாக். இருபத்தேழு வருடமாக இதுதான் ஏற்பாடு. செப்டம்பர் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை அந்த மனிதர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. விடுமுறை என்றால் அவர் எப்போதும் ஆகஸ்டில்தான் போவார். மூன்று வாரம் பார்த்த பிறகு ஹேலாக் பத்திரிகை வாங்கிப் பார்த்தார். 'டாப்செல், லெஸ்லி. ஐம்பத்தெட்டு வயது. லைம் அவென்யூ. திடீரென்று காலமானார்' என்று இருந்தது.

"அவரோட தோல் பெட்டியில எல்.டி.ன்னு ரெண்டு எழுத்து பொறிச்சிருக்கும். இருபத்தேழு வருஷமா என் முழங்காலுக்கு எதிர்ல இருந்த எழுத்து. பொருந்துச்சு. வந்துட்டேன்."

"அவர் பேரைக் கேட்டதே இல்லையா நீங்க?"

"எப்படிக் கேக்கிறது?" என்றார் ஹேலாக். அவர் குரலில் உண்மையான வியப்பு இருந்தது. "எங்களை யாரும் அறிமுகப்படுத்தி வைக்கலையே."

"அந்த அறையில இன்னும் நாலு பேர் இருப்பாங்களே. அவங்களைக் கேட்டா?"

"அவங்களோட எனக்குப் பழக்கமே இல்ல, மிஸ் டாப்செல்."

ஆஷ்மியரில் பிறந்து வளர்ந்த ஜூடித்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பிளாட்பாரத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. யாரும் ஒதுக்கித் தந்ததல்ல. ஆனால் அதில் வேறொருவர் நிற்கமாட்டார். ஹேலாக்கும் அந்த மனிதரும் மற்ற நால்வரும் மூன்றாவது விளக்குக் கம்பத்தின் அடியில் நிற்பார்கள். 1967இல் நிலையத்தார் அந்தக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டார்கள். மறுநாளும், அதற்குப் பிந்தைய ஏழு வருடங்களும், கம்பம் இருந்த வெற்றிடத்தைச் சுற்றி ஆறு பேரும் அதே அளவு இடைவெளி விட்டு நின்றார்கள். முதல் ஐந்து வருடம் யாரும் யாரையும் பார்க்கக் கூடாது. அதன் பிறகு தலையசைக்கலாம். பேசுவது என்பது, யாராவது தவறி விழுந்தால்தான்.

"ஒரு தரம்கூடப் பேசினதில்லையா?"

"மூணு தரம்," என்றார் ஹேலாக் உடனே. "ஐம்பத்திரண்டாம் வருஷப் பனிமூட்டத்துல வண்டி நாலு மணி நேரம் நின்னுச்சு. ரெண்டு மணி நேரம் ஆனதும் அவர், 'நின்னுடுச்சு போல இருக்கு'ன்னார். நான், 'அப்படித்தான் தெரியுது'ன்னேன். அறுபத்து மூணுல பனி உறைஞ்சு கிடந்தப்ப, 'கால் வழுக்கும், பாத்து'ன்னார்."

"மூணாவது?"

ஹேலாக் பத்திரிகையின் ஓரத்தைச் சரிசெய்தார். "அதைப் பேச்சுன்னு சொல்லலாமான்னு தெரியல. அறுபத்தொண்ணுல என் மனைவி ஆலிவ் போயிட்டா. நான் கறுப்பு டை கட்டிட்டு வண்டியில ஏறினேன். அவர் ஜன்னலோரத்துலேர்ந்து எழுந்து, என்னை உக்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒரு வாரம். அடுத்த திங்கட்கிழமை அவரவர் இடத்துக்குப் போயிட்டோம்." சற்றுப் பொறுத்து, "அந்த வாரம் முழுக்க நான் வெளியவே பாத்துட்டு வந்தேன். முகத்தை யாருக்கும் காட்ட வேண்டியிருக்கல," என்றார்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த மனிதர் பெயரைத் தெரிந்துகொண்டு, அவரைப் புதைத்த இடத்தில் ஒருமுறை தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டும். வரும் மார்ச்சில் ஹேலாக்கும் ஓய்வு பெறுகிறார். அதன் பிறகு எட்டு நாலு வண்டியில் அவருக்கு இடமில்லை. அந்த மனிதரைத் தெரியும் என்று சொல்லிக்கொள்ள ஓர் அத்தாட்சியும் இருக்காது.

செப்டம்பர் பத்திரிகைகளில் எல்.டி. என்று வேறு யாரும் இல்லை. அக்டோபரிலும் இல்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வரத் தொடங்கினார். நிலையத்துக்கு அடுத்த வசந்தத்தில் நூறு வயது ஆகப்போகிறது என்று நூலகத்தில் ஒரு கண்காட்சி வைக்கச் சொல்லியிருந்தார்கள். படங்களுக்கு அடியில் ஒட்ட ஜூடித் சிறு சிறு குறிப்புகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. அப்போது அவளுக்கு எதுவுமே பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை. காலையில் எழுந்தாள், பல் தேய்த்தாள், தட்டச்சு செய்தாள். அப்பாவின் மேல்கோட்டு வாசலில் மாட்டியபடியே இருந்தது. அதைக் கடந்து போகும்போது, கடையில் தொங்கும் கோட்டைக் கடப்பது போலத்தான் இருந்தது.

ஹேலாக் அவள் எழுதியதைப் படித்துப் பார்த்துத் திருத்துவார். "இது தப்பு. ஊர் வளந்ததால நிலையம் வரல. நிலையம் வந்த பிறகுதான் ஊரே."

அது உண்மைதான். 1875இல் இங்கே டர்னிப் வயலும் ஒரு குளமும்தான் இருந்தன. நிலத்துக்குச் சொந்தக்காரர், என் நிலம் வழியாகத் தண்டவாளம் போட வேண்டுமானால் எனக்கென்று ஒரு நிலையம் வேண்டும் என்றார். கட்டிக் கொடுத்தார்கள். தண்டவாளத்துக்கு மண்கரை எழுப்பக் குளத்தைத் தூர்த்துவிட்டு, அந்தக் குளத்தின் பெயரையே நிலையத்துக்கு வைத்தார்கள். முதல் வருடம் பல நாள் ஒரு பயணிகூட ஏறியதில்லை. பிறகு குன்றின் மேல் லண்டன் வியாபாரிகள் பெரிய வீடுகள் கட்டிக் குடியேறினார்கள். அவர்களுடைய பெட்டிகளைத் தூக்குவதற்காக 1902இல் வேலைக்குச் சேர்ந்தவர்தான் ஹேலாக்கின் அப்பா. பிளாட்பாரம் முடியும் இடத்தில் அவருக்கு ஒரு சிறிய வீடு தந்தார்கள். கரைச் சரிவில் முட்டைக்கோஸ் போட்டார். அந்த வீட்டில்தான் 1910இல் எட்கர் பிறந்தார். வண்டிச் சத்தத்தில் தூங்குவார். வண்டி வராவிட்டால் விழித்துக்கொள்வார்.

1926இல் மின்சார வண்டி வந்தது. அதற்கு ஆறு வருடம் கழித்து டன்ஸ்டன் என்று ஒரு கட்டடக்காரர் தண்டவாளத்துக்குக் கீழ்ப்பக்கம் இருந்த பண்ணை முழுவதையும் வாங்கினார். மூன்று வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். இரண்டிரண்டாக ஒட்டிய வீடுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வளைந்த ஜன்னல், ஒரு வேலி. வெட்டித் தள்ளிய மரங்களின் பெயரைத் தெருக்களுக்கு வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டனின் புகை படிந்த தெருக்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். நிலைய வாசலில் பேண்டு வாத்தியம், இலவசத் தேநீர். வீடு வாங்கினால் ஒரு வருட சீசன் டிக்கெட் சும்மா.

"நானும் வாங்கினேன்," என்றார் ஹேலாக். "எல்ம் ரோடு, இருபத்தாறு."

நிலையச் சுமைதூக்கியின் மகன் உதவித்தொகையில் படித்து, லண்டனில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தராகி, 1935இல் அந்த இலவச சீசன் டிக்கெட்டோடு பிளாட்பாரத்துக்கு வந்தார். வாசலில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர் அவருடைய அப்பா.

"என்ன சொன்னார்?"

"'டிக்கெட், சார்'னார். நான் எடுத்துக் காட்டினேன். 'நன்றி, சார்'னார்."

"உங்களையா?"

"பின்ன? பின்னால ஆள் நிக்குது. பிளாட்பாரத்துல நான் அவருக்கு சார். ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போனா, 'வாடா எட்டி, உன் மூஞ்சியைப் பாத்தா வண்டி தானா ரிவர்ஸ்ல போகும்'பார். மூணு வருஷம், அவர் ஓய்வு பெறுற வரைக்கும், தினமும் சார்தான்."

ஜூடித் அதைத் தட்டச்சு செய்தாள். பிறகு அந்தத் தாளை உருவித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். கண்காட்சிக்கு அது வேண்டாம் என்று தோன்றியது.

நவம்பரில் அம்மா கேட்டாள். "ஏண்டி ஜூடி, அப்பாவோட சிநேகிதர் நூலகத்துக்கு வர்றாராமே? பேக்கரியில சொன்னாங்க. ஒரு நாள் தேநீருக்குக் கூட்டிட்டு வரக் கூடாதா? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

ஹேலாக் வர மறுத்தார். பிறகு, மறுப்பது மரியாதைக் குறைவு என்று வந்தார். மியூரியல் டாப்செல் நல்ல கோப்பைகளை வெளியே எடுத்து, பழ கேக்கைத் தடிமனாக வெட்டினாள்.

"லெஸ்லி உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை, மிஸ்டர் ஹேலாக்."

"அதிகம் பேசற ஆளில்லையே," என்றார் ஹேலாக், கேக்கைப் பார்த்தபடி.

"அதேதான்! முப்பது வருஷம் குடித்தனம் நடத்தின எனக்கே 'உப்பை இப்படித் தள்ளு'ங்கறதுக்கு மேல வாயிலேர்ந்து முத்து உதிராது. ரயில்லயாவது பேசியிருப்பாரோன்னு பாத்தேன்."

"ரயில்ல யாரும் பேசறதில்ல, மிஸஸ் டாப்செல்."

"பின்ன எப்படிச் சிநேகிதம்?"

ஜூடித் தேநீர்ப் பாத்திரத்தைத் தூக்கினாள். பாத்திரம் நிறைந்துதான் இருந்தது. இருந்தாலும் தண்ணீர் ஊற்றப் போவது போல எழுந்தாள். ஹேலாக்கின் காதுகள் சிவந்திருந்தன. அவருக்குப் பொய் வராது.

"என் மனைவி செத்தப்ப," என்றார் அவர் கடைசியில், "எனக்கு எதிர்ல உக்காந்திருந்தவர் ஒரு வாரம் தன்னோட ஜன்னல் இடத்தை எனக்கு விட்டுக்குடுத்தார். ஒண்ணும் சொல்லல. எழுந்து கையைக் காட்டினார். அதுக்குத்தான் நான் வந்தேன்."

மியூரியல் வாயில் கை வைத்துக்கொண்டாள். "என் லெஸ்லியா?" என்றாள். "ஜன்னல் இல்லாட்டி தலை சுத்தும்னு பஸ்ல என்னைக்கூட உக்கார விடமாட்டாரே மனுஷன்! என் லெஸ்லியா?" அவள் அழுதாள். அடக்கத்தின்போதுகூட அப்படி அழவில்லை. ஹேலாக் பரிதாபமாக ஜூடித்தைப் பார்த்தார். ஜூடித் தலையை மிக லேசாக அசைத்தாள். வேண்டாம் என்று அர்த்தம்.

வாசல் வரை வழியனுப்பப் போனபோது ஹேலாக் சொன்னார்: "நான் திருடிட்டேன், மிஸ் டாப்செல். ஒருத்தரோட நல்லதை எடுத்து இன்னொருத்தருக்குக் குடுத்துட்டேன். பேராவது தெரிஞ்சா அவருக்கே திருப்பிக் குடுக்கலாம்."

டிசம்பர் முதல் வாரம், ஒரு புதன்கிழமை, நூலகம் திறந்த சற்று நேரத்தில் பழுப்புக் கோட்டு அணிந்த ஒரு பெண் வந்தாள். கெடு தாண்டிய மூன்று புத்தகங்களைத் திருப்ப வேண்டும் என்றாள். புத்தகங்களை வெளியே எடுக்க, கையிலிருந்த தோல் பெட்டியை ஜூடித்தின் மேசை மேல் வைத்துத் திறந்தாள். மூடியில், தேய்ந்த பொன் எழுத்தில், எல்.டி. என்று இருந்தது.

ஜூடித் அந்த எழுத்துகளைப் பார்த்தாள். நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தாள். படபடக்கவில்லை. "இந்தப் பெட்டி யாரோடதுன்னு கேக்கலாமா?" என்றாள்.

"என் வீட்டுக்காரரோடது. செப்டம்பர்ல தவறிட்டார். புத்தகத்தை இப்பத்தான் பாத்தேன், அபராதம் எவ்வளவு?"

"அபராதம் இல்ல. எல்.டி.ன்னா...?"

"ஓ, அதுவா. எங்கப்பா. லயனல் தோர்ன். தோர்னுக்கும் டிதானே முதல் எழுத்து. அப்பா போனதும் இவர் எடுத்துக்கிட்டார். புதுசு வாங்கிக்குங்கன்னு எத்தனை வருஷம் சொன்னேன்! பெட்டி நல்லாத்தானே இருக்கு, எழுத்து யார் கண்ணுல படப்போகுதும்பார்." அவள் புத்தகங்களை அடுக்கினாள். "இவர் பேர் பெர்னார்ட். பெர்னார்ட் ஹக்கின்ஸ்."

"உள்ளூர்ப் பத்திரிகைல அறிவிப்பு வரலையே."

"நாரிச்ல, எங்க சொந்த ஊர்ப் பத்திரிகைல போட்டோம். இங்க யாரைத் தெரியும் எங்களுக்கு? இருபத்தேழு வருஷம்தானே ஆச்சு." அது கேலியா இல்லையா என்று ஜூடித்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. திருமதி ஹக்கின்ஸ் கையுறையை மாட்டிக்கொண்டு, போகத் திரும்பியவள் நின்றாள். "ஒரே ஒருத்தருக்குத்தான் சொல்லியிருக்கணும். ரயில்ல அவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். 'இன்னிக்கு என் சிநேகிதருக்கு ஜலதோஷம்', 'இன்னிக்கு என் சிநேகிதர் புது ஷூ போட்டிருந்தார்'னு தினமும் ஏதாவது சொல்வார். பேர் என்னன்னு கேட்டா, 'பேரா? அதெல்லாம் எதுக்கு?'ம்பார். எங்க போய்த் தேடுவேன் நான்?"

ஜூடித் ஒரு தாளில் ஹேலாக்கின் பெயரை எழுதிக் கொடுத்தாள். திருமதி ஹக்கின்ஸ் அதைக் கண்ணுக்கருகில் வைத்து இரண்டுமுறை படித்துவிட்டு, மடித்து, அந்தத் தோல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

சனிக்கிழமை ஹேலாக்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பெர்னார்டா?" என்றார். "அவரைப் பாத்தா பெர்னார்ட் மாதிரி இருக்காதே."

"பின்ன எப்படி இருப்பார்?"

"தெரியல. லாரன்ஸ்னு வெச்சிருந்தேன் மனசுல." தொப்பியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "சிநேகிதர்னா சொன்னார்?"

"தினமும்."

"அந்தப் புது ஷூ," என்றார் ஹேலாக், "கடிச்சுது. நான் காட்டிக்கவே இல்லை."

அன்று மதியமே அவரைப் புதைத்த இடத்துக்குப் போனார்கள். ஜூடித் ஏன் கூடப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டுக்குப் போகாமல் இருக்க அது ஒரு வழியாக இருந்தது. நிலையத்தைத் தாண்டி அரை மைல் தூரத்தில், தண்டவாளத்தை ஒட்டித்தான் அந்தக் கல்லறைத் தோட்டம். லண்டன் போகும் வண்டியின் வலப்பக்க ஜன்னலிலிருந்து அது முழுவதும் தெரியும். பெர்னார்ட் ஹக்கின்ஸின் மண் இன்னும் படியவில்லை. கல் வைக்கவில்லை, எண் போட்ட ஒரு மரக்குச்சி மட்டும் இருந்தது. செப்டம்பரிலிருந்து வாரத்தில் ஐந்து நாள் ஹேலாக் அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்.

அவர் தொப்பியைக் கழற்றினார். அருகில் போகவில்லை. பிளாட்பாரத்தில் விடும் அதே இடைவெளியை விட்டு நின்றார். சற்று நேரத்தில் தலையை அசைத்தார், ஒருமுறை. கரைமேல் வண்டி ஒன்று போனது. ஜூடித் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, குளிர்கிறது என்று மட்டும் நினைத்தாள்.

திருமதி ஹக்கின்ஸைப் பார்க்க அவர் போகவில்லை. கடிதம் எழுதினார். நாலு வரி. அதை எழுத இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று என்றார். ஆனால் மியூரியலிடம் திருப்பிக் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அம்மா அதற்குள் அந்த ஜன்னல் கதையைப் பேக்கரியிலும் சர்ச்சிலும் சொல்லியிருந்தாள். கணப்புக்கு மேல் இருந்த படத்தைத் துடைக்கும்போது, "பெரிய ஆளுய்யா நீ, எனக்குத் தெரியாமப் போச்சே," என்று அதனோடு பேசவும் தொடங்கியிருந்தாள். "அவருக்குக் கேக்காது," என்றார் ஹேலாக், ஹக்கின்ஸைப் பற்றி. "கேட்டாலும், இருக்கட்டும்னுதான் சொல்வார்."

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அவர் இன்னொரு காரியம் செய்தார். எட்டு நாலு வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பி, கல்லறைத் தோட்டம் ஜன்னலில் வந்தபோது வாயைத் திறந்தார்.

"இந்த இடத்துல உக்காந்திருந்தவர் பேரு பெர்னார்ட் ஹக்கின்ஸ்," என்றாராம். "செப்டம்பர் எட்டாம் தேதி காலமாயிட்டார். அதோ, அங்கதான் இருக்கார்."

நாலு செய்தித்தாள்கள் அப்படியே நின்றன. ஒரு நிலையம் போயிற்று. இரண்டாவது நிலையமும் போயிற்று. பிறகு மூலையில் உட்காரும் குண்டு மனிதர் தம் செய்தித்தாளை மடித்தார்.

"நீங்க அவரோட தம்பின்னு நினைச்சிருந்தோம்," என்றார்.

"தம்பியா?"

"இருபது வருஷமா எதிரெதிர்ல உக்காந்து ஒரு வார்த்தை பேசாம வந்தீங்க. அண்ணன் தம்பியாத்தான் இருக்கும்னு நானும் இவரும் முடிவே பண்ணிட்டோம்." பக்கத்தில் இருந்தவர் தலையாட்டினார். குண்டு மனிதர் கைப்பையைத் திறந்து கறுப்பு ஓரம் போட்ட ஓர் இரங்கல் அட்டை உறையை எடுத்து நீட்டினார். அதன் முனைகள் மழுங்கியிருந்தன. "செப்டம்பர்லயே வாங்கிட்டேன். மேல என்ன பேர் எழுதறதுன்னு தெரியல."

ஹேலாக் இதையெல்லாம் ஜூடித்திடம் சொன்னபோது அந்த உறையையும் காட்டினார். மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. உள்ளே நால்வரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "இப்ப அவங்க பேரும் தெரிஞ்சுபோச்சு," என்றார் சற்றுச் சங்கடத்தோடு. "இனிமே என்ன பண்றதுன்னு தெரியல."

ஜனவரியில் ஒரு நாள் ஜூடித் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டை விட்டுக் கிளம்பினாள். நிலைய வாசலில் ரெஜ் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க பயணம், டாப்செல் பொண்ணே?"

"எங்கயும் இல்ல. அப்பா எந்த வண்டியில போவார்?"

"ஏழு முப்பத்தெட்டு. பாலத்துக்குக் கீழ, தண்ணிக் குழாய்க்குப் பக்கத்துல நிப்பார். பிளாட்பார டிக்கெட் வேணும், ஆனா நீ உள்ள போ, நான் பாக்கல. இந்த ஊர்ல செத்தாத்தான் ஒருத்தர் பேர் இன்னொருத்தருக்குத் தெரியும், போ."

அவள் உள்ளே போய்த் தேநீர் அறையின் ஓரமாக நின்றாள். பாலத்துக்குக் கீழே ஐந்து பேர் நின்றிருந்தார்கள். இடப்பக்கம் இருவர், வலப்பக்கம் மூவர். நடுவில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. மழை தூறியது. பாலத்தின் ஒழுக்கு வலப்பக்கத்து மனிதரின் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. ஓரடி நகர்ந்தால் நனையாமல் நிற்கலாம். அவர் நகரவில்லை.

வண்டி வந்தது, ஏறினார்கள், போயிற்று. ஜூடித் அந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நூலகத்துக்குப் போய், 1875 என்று தொடங்கும் குறிப்பை மறுபடி தட்டச்சு செய்தாள்.

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை ஹேலாக் வந்தார். ஓய்வு பெற மூன்று வாரம் இருந்தது. கண்காட்சிப் படங்களைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். 1932ஆம் வருடத்துப் படம் ஒன்றில், பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால், ஒரு தொப்பியும் பாதி மீசையும் தெரிந்தன. அது அவருடைய அப்பா. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், மிஸ் டாப்செல். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடலாம்."

"கேளுங்க."

"மார்ச் பதினாலோட நான் நின்னுடுவேன். திங்கட்கிழமை என் இடம் காலியா இருக்கும். நான் செத்துட்டேன்னு நினைச்சுக்குவாங்க. அந்தக் குண்டு மனுஷர் மறுபடி கார்டு வாங்கிடுவார்."

"நீங்களே சொல்லிட்டுப் போகலாமே?"

"வெள்ளிக்கிழமை பூரா வாயைத் திறக்க முயற்சி பண்ணுவேன். வராது. என்னை எனக்குத் தெரியும்." அவர் தொப்பியின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றினார். "நீங்க அந்தத் திங்கட்கிழமை பிளாட்பாரத்துக்குப் போகணும். மூணாவது விளக்குக் கம்பம். கம்பம் இருக்காது, ஆனா சுத்தி நாலு பேர் நிப்பாங்க, தெரியும். ஹேலாக் சாகல, வீட்டுலதான் இருக்கார்னு சொல்லிடுங்க. அதுக்கப்புறம், எப்பவோ ஒரு நாள், நான் நிஜமாவே போயிட்டா, இன்னொரு தரம் போய்ச் சொல்லணும். ரெண்டு தரம்தான். எட்டு மணிக்கே போயிடுங்க, நாலு நிமிஷம் இருக்கும். பேரை முழுசா சொல்லணும், எட்கர் ஹேலாக்னு. சொல்வீங்களா?"